ஓர் எழுத்தும் ஒரு மாத அரிசியும்

தமிழ்த் துறையின் மலரில் நியாய விலைக் கடையைப் பற்றிக் கட்டுரையா என்று வியப்போர் இருக்கக்கூடும். சீறாப்புராணத்து உவமைகளையும் குணங்குடியார் பாடல்களின் உட்பொருளையும் எழுதி வந்த கை அரிசி மூட்டையின் பக்கம் திரும்புவானேன் என்று நம் துறை நண்பர் ஒருவரே வினவினார். அவருக்கு நாம் அளித்த விடை எளியது. எழுத்தைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்து ஊதியம் பெறுபவர்கள் நாம். ஓர் எழுத்தினால் ஒரு குடும்பம் பதினொரு மாதம் அரசின் அரிசியின்றி இருந்ததைக் கண்ட பின்னும் எழுதாதிருப்பது எங்ஙனம்?

நம் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை லாத்தா என்றுதான் அழைக்கும். கணவரை இழந்தவர். மகளைப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளி ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் இடமின்மையால் இளந்தம்பதியர் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குக் குடியேறினர். தனி அடுப்பு ஏற்றிய குடும்பத்திற்குத் தனிக் குடும்ப அட்டை வேண்டும். ஓர் ஆதார் எண் ஒரே சமயத்தில் இரண்டு அட்டைகளில் இருத்தல் இயலாது. ஆதலின் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்னர்ப் பெற்றோரின் அட்டைகளிலிருந்து இருவர் பெயரையும் நீக்கியாக வேண்டும். நீக்கினர். நீக்குதல் சில நாள்களில் முடிந்தது. சேர்த்தல் முடியவில்லை.

இணைய வழி விண்ணப்பம், இ-சேவை மையத்தில் பெற்ற ஒப்புகைச் சீட்டு எல்லாம் முறையாக இருந்தன. மாதந்தோறும் அம்மையார் அலுவலகத்திற்கு நடந்தார். "பரிசீலனையில் உள்ளது", "அடுத்த வாரம் வாருங்கள்", "அதிகாரி முகாமுக்குச் சென்றிருக்கிறார்" என்ற மூன்று விடைகளே மாறி மாறிக் கிடைத்தன. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பீடிக் கூலி போயிற்று. மகளின் கம்மல் அடகுக்குச் சென்றது. ஒரு நாள் நம் வீட்டு வாசலில் அமர்ந்து அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகிறோம்: "இல்லன்னு சொல்லிட்டாவாவது வேற வழி பாப்போம் தம்பி. வா, வான்னே சொல்லுதாக."

ஒன்பதாம் மாதத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. வியப்பு யாதெனில், அன்றுதான் அவ்வம்மையாரின் முகத்தில் சற்றே தெளிவு பிறந்தது. நிராகரிப்புக்குக் காரணம் ஒன்று இருந்தாக வேண்டுமல்லவா? விசாரித்ததில், திருமணச் சான்றிலும் ஆதாரிலும் பெண்ணின் பெயர் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. அப்பெயரை ஈண்டு எழுத வேண்டா. பாத்திமா என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றில் 'பாத்திமா', மற்றொன்றில் 'ஃபாத்திமா'. இடையே நின்றது ஆய்தம். தொல்காப்பியர் சார்பெழுத்துகளுள் ஒன்றாக வைத்தது இவ்வெழுத்து; தனித்து வாழும் வலிமை அதற்கு இல்லை என்பது இலக்கணம். அத்தகைய எழுத்து ஒரு குடும்பத்தின் உலையை நிறுத்திவைத்தது. பெயரைத் திருத்தி மீண்டும் விண்ணப்பித்து அட்டை கைக்கு வர மேலும் இரண்டு மாதங்கள் ஆயின.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்றது ஒன்று. மறுப்பும் தாமதமும் ஒன்றல்ல. மறுப்புக்கு ஒரு தாள் உண்டு. அதில் நாளும் காரணமும் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேல் அதிகாரியிடம் முறையிடலாம். தாமதத்திற்குத் தாள் இல்லை. அதை எவரும் ஆணையிட்டு நிகழ்த்துவதில்லை. ஆகவே எவரும் அதற்குப் பொறுப்பேற்பதும் இல்லை. மறுக்கப்பட்டவன் எதிர்த்துப் பேசுகிறான். காத்திருப்பவனோ, பேசினால் இன்னும் தள்ளிப்போகுமோ என்று அஞ்சி வாய் மூடியிருக்கிறான். பசியைப் பிணி என்றே சங்கப் புலவர்கள் அழைத்தனர். பிணிக்கு மருந்து உண்டு, ஆனால் அடுத்த மாதம் வா என்னும் மருத்துவமனையை நாம் பொறுப்போமா?

தாமதத்தின் வேர்கள் பல. அனைத்தையும் அலுவலரின் சோம்பலில் கொண்டுபோய்க் கட்டிவிடுவது எளிது; உண்மை அவ்வளவு எளிதன்று. தஞ்சைத் தரணியின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வாங்கப்படும் நெல், அரவை ஆலையில் அரிசியாகி, 1972இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கை அடைகிறது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலிருந்தும் ஒரு பங்கு வருகிறது. அங்கிருந்து லாரி ஏறி, பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கடைகளைச் சென்று சேர்கிறது. மாநிலத்தில் இக்கடைகள் 34 ஆயிரத்துக்கும் மேல். குடும்ப அட்டைகள் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். இத்தனை கைகள் மாறும் ஒரு பொருள் ஒரு கையில் இரண்டு நாள் தங்கினாலும் கடைசிக் கை வெறுங்கையாகிவிடும். அக்கடைசிக் கைக்கு எதிரே நிற்பவர் விற்பனையாளர் ஒருவரே. பல ஊர்களில் இரண்டு கடைகளை ஒருவரே பார்க்கிறார். பாதி அட்டைக்கு மட்டும் வந்த பருப்பை முழு வரிசைக்கு எப்படிப் பிரிப்பது என்ற கணக்கை எந்தப் பயிற்சி வகுப்பும் அவருக்குச் சொல்லித் தந்திருக்காது. மூட்டையின் எடைக் குறைவுக்கும் இணையத்தின் வேகக் குறைவுக்கும் ஏச்சு வாங்குபவர் அவரே.

பருப்பின் கதை அரிசியின் கதையினும் வேறானது. துவரம் பருப்பும் பாமாயிலும் 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் வருவன. அவை ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கப்படுவன. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது நடத்தை விதிகள் நடைமுறையில் இருந்ததால் கொள்முதல் தாமதமாயிற்று என்று அரசு விளக்கம் தந்தது. மே மாதப் பொருளை ஜூனிலும், ஜூன் மாதப் பொருளை ஜூலையிலும் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. உரிமை பறிபோகவில்லை என்ற அளவில் அது நன்றே. எனினும் ஓர் இல்லத்தரசியின் கணக்கை நாம் போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பு அவ்வாண்டில் வெளிச் சந்தையில் 150 ரூபாயைக் கடந்து விற்றது. கையில் காசில்லாதவர் கிலோவாகவும் வாங்குவதில்லை. நூறு நூறு கிராமாகக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார், அல்லது குழம்பில் பருப்பைக் குறைக்கிறார். ஜூலையில் வந்த பருப்பு மே மாதத்துக் குழந்தையின் தட்டுக்குத் திரும்பிச் செல்லாது. அரசின் பதிவேட்டில் மட்டும் கணக்கு நேராகிவிடும்.

அட்டை கிடைப்பதில் நேரும் தாமதத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அரிசிக்கெனப் பிறந்த அட்டை இன்று எல்லாக் கதவுகளுக்கும் சாவியாகிவிட்டது. பொங்கல் பரிசு அட்டைக்கு. 2021 கொரோனா நிவாரணம் 4,000 ரூபாய் அட்டைக்கு. 2023 டிசம்பர் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் அட்டைக்கு. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் குடும்ப அட்டையே அளவுகோல் ஆயிற்று. அத்திட்டத்தின் பணிகளை ஒட்டிப் புதிய அட்டை வழங்கும் வேலை நிறுத்திவைக்கப்பட்டு, விண்ணப்பங்கள் மலைபோல் தேங்கி, மறு ஆண்டில்தான் மீண்டும் சூடு பிடித்தது. புதிய அட்டை ஒன்றினால் புதிய செலவுகள் பல பிறக்கும் எனும்போது கருவூலத்தின் கை சற்றே தயங்குவது இயல்பு. அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அந்தத் தயக்கத்தின் விலையைச் செலுத்தியவர்கள், தாய் வீட்டு அட்டையிலும் இல்லாது தம் வீட்டு அட்டையும் இல்லாது நடுவே நின்ற புதுமணத் தம்பதியர் அல்லரோ? ஆயிரம் ரூபாய் எவருக்கு என்பதை முடிவு செய்யும் வரை அரிசி எவருக்கு என்பதையும் நிறுத்திவைக்க வேண்டிய தேவை என்ன? புதிய அட்டை வரும்வரை பழைய அட்டையிலேயே பெயர் இருக்கட்டும். சேர்க்கும் அன்றே நீக்கப்படட்டும். கணினிக்கு இது அரிய வேலையன்று.

இனி விரலுக்கு வருவோம். தமிழகத்தில் 2020 அக்டோபர் 1 அன்று 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தோடு கைரேகை முறை வந்தது. பிறர் பெயரில் பொருள் வாங்குவதைத் தடுக்க அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் பீடி இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து உருட்டி, மடக்கி நூல் கட்டும் பெருவிரலில் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ரேகை எங்கே இருக்கும்? தோல் பதனிடும் தொட்டியிலும் சுண்ணாம்பிலும் கை வைத்தவருக்கும் இதே நிலைதான். உழைத்த விரல்களைத்தான் கருவி முதலில் மறுக்கிறது. மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைக் காட்டலாம். வர இயலாதவர் பிறருக்கு அங்கீகாரச் சான்று எழுதித் தரலாம். கருவிழி பதியும் கருவிகளும் கடைகளுக்கு வந்தன. 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிற்கே பொருளைக் கொண்டு சேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பெற்றது. நல்ல ஏற்பாடுகள். அவை உண்டென்பதை அறியாமல் திரும்பி நடப்போரே மிகுதி.

பெயரைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அது நம் துறைக்கு உரியது. அரபுப் பெயர்கள் தமிழ் நாவில் பன்னூறு ஆண்டுகளாகப் புழங்கித் தேய்ந்து இனிமை பெற்றவை. உமர் என்ற பெயரைத் தாங்கிய நம் பெரும்புலவர் உமறு ஆனார். முஹ்யித்தீன் என்பது முகையதீன், மொய்தீன், மைதீன், மெய்தீன் என ஊருக்கொரு வடிவம் கொண்டது. முகம்மது, முகமது, முஹம்மது, மொகமது என்பன ஒருவரையே குறிக்கும் என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது. தமிழில் எழுதியதை ஒருவர் ஆங்கிலத்தில் தட்டெழுதுகிறார். அதை மென்பொருள் மீண்டும் தமிழாக்குகிறது. போன பெயர் வேறு, வந்த பெயர் வேறு. 2017இல் மின்னணு அட்டைகள் வழங்கப்பட்டபோது சேலம் மாவட்டத்தில் ஒரு மூதாட்டியின் அட்டையில் திரைப்பட நடிகையின் படம் அச்சாகி வந்ததை நாளிதழ்களில் கண்டு நகைத்தோம். பெயர்ப்பிழைகள் அதனினும் பலவாக இருந்தன. நகைப்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை.

முதலெழுத்தின் இடர் தனி. தமிழர் தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னே இடுவர். ஆதாரில் சிலருக்கு அது விரிந்து பின்னே நிற்கும். மணமான பெண்ணுக்கு அது தந்தையிடமிருந்து கணவரிடம் தாவும். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று. இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய இடரன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். சுப்பிரமணியனும் சுப்ரமணியும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். நமக்கு ஹகரமும் ஷகரமும் ஆய்தமும் கூடுதலாகச் சேர்ந்து இடறுகின்றன, அவ்வளவே.

பெயரில் பொருந்தாமை என்பது பிற இடங்களில் எதில் முடிந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 2017இல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாமையால் குடும்ப அட்டை நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் அரிசி கிடைக்காமல் பசியால் மாண்டாள் என்றனர் குடும்பத்தினர். மலேரியாவால் என்றது அரசு. காரணத்தைப் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்க, அட்டை நீங்கியது பொய்யன்று. தமிழகத்தில் அனைவருக்குமான பொது விநியோக முறை நிலைத்திருப்பதும், 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுவதும் அத்தகைய முடிவுகளிலிருந்து நம்மைக் காத்து வந்துள்ளன. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நிறைவேறியது. தமிழகம் 2016 நவம்பர் 1இல்தான் அதில் இணைந்தது. அப்போதும் அனைவருக்கும் என்ற கொள்கையைக் கைவிடவில்லை. அதற்காக நாம் பெருமைப்படலாம். காத்திருப்போருக்கு அப்பெருமை சோறாகாது.

அச்சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பலர் அறியார். அதன் கீழ் உரிமை பெற்றவருக்குத் தானியம் வழங்கப்படாவிடில், ஈடாக உணவுப் பாதுகாப்புப் படியைப் பணமாகப் பெறும் உரிமையை அது தருகிறது. 2015இல் மத்திய அரசு அதற்கு விதிகளும் வகுத்தது. அப்படியைப் பெற்ற ஒருவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. காரணம் தெளிவு. வழங்கப்படவில்லை என்பதை மெய்ப்பிக்கத் தாள் வேண்டும். பொருள் வாங்கினால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்காமல் திரும்பினால் எதுவும் வருவதில்லை. அரசிடம் நாம் வைக்கும் வேண்டுகோள்களுள் முதன்மையானது இதுவே: வெறுங்கையோடு திரும்புவோருக்கும் ஒரு சீட்டு வேண்டும். இன்ன நாள் வந்தார், இன்ன பொருள் இல்லை அல்லது விரல் பொருந்தவில்லை, இன்ன நாள் வரலாம் என்று மூன்று வரி போதும். கடையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. விற்றதைப் பதியும் அக்கருவி விற்காததையும் பதியலாம். அட்டைக்கான விண்ணப்பமும் அவ்வாறே. "பரிசீலனையில்" என்ற ஒரு சொல்லை அகற்றி, எந்த மேசையில், எந்த நாள் முதல், எக்காரணத்தால் என்று காட்டினால் பாதி நடை குறையும்.

சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு சொல். நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி வழங்கும் முறை 2001 முதல் உள்ளது. 2020 ஊரடங்கின்போது 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 மெட்ரிக் டன் அரிசி ஒதுக்கப்பட்டு, கஞ்சி காய்ச்ச வழியின்மையால் வீடுகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. ரமலான் ஆண்டுதோறும் பதினொரு நாள் முன்னே நகர்வது. அரசின் நாட்காட்டிக்கு அடங்காதது. ஆயினும் பிறை தென்படும் முன் அரிசி வந்து சேர வேண்டும் என்பதில் நம் ஜமாஅத்துகள் எவ்வளவு விழிப்பாக இருக்கின்றன! முத்திரையிட்ட கடிதம் செல்கிறது. நான்கு பெரியவர்கள் நேரில் செல்கிறார்கள். தாமதமானால் தொலைபேசி ஓய்வதில்லை. பள்ளிவாசலின் அரிசிக்குக் கேட்க ஆள் இருக்கிறது. அதே பள்ளிவாசலின் பின்தெருவில் பதினொரு மாதம் நடந்த கைம்பெண்ணின் அரிசிக்காக ஒரு கடிதமும் செல்லவில்லை. நாமும் ஒன்பதாம் மாதத்தில்தான் விழித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நம் பக்கத்துப் பிழைகளும் உண்டு. வளைகுடா நாட்டில் பத்தாண்டுகளாகப் பணிபுரியும் மகனின் பெயர் இங்கே அட்டையில் இருக்கிறது. மறைந்தவரின் பெயரை நீக்க எவரும் போவதில்லை. பின்னர் உறுப்பினர் அனைவரும் விரல் வைத்து உறுதி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வரும்போது கூக்குரல் எழுகிறது. இல்லாதவர்களின் பெயரை நாம் சுமந்துகொண்டிருப்பதால்தான் இருப்பவர்களையும் அலுவலர் ஐயுறுகிறார். கடையில் வாங்கிய அரிசியை வாசலிலேயே விற்றுவிடும் வீடுகளும் நம் தெருக்களில் உள்ளன. அவற்றைப் பற்றி எழுதப் புகுந்தால் கட்டுரை வேறாகும்.

மாணவச் செல்வங்களே, எழுத்தின் பிழையை எழுத்தறிந்தவரே திருத்த வேண்டும். பெயரின் முதல் பதிவு பல வீடுகளில் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில்தான் நிகழ்கிறது. அதை எழுதுபவர் மணமக்களின் ஆதார் அட்டையை முன்னே வைத்துக்கொண்டு, அதிலுள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதினால் போதும். பாத்திமாவா ஃபாத்திமாவா எது செம்மையான தமிழ் என்ற வாதத்தை வகுப்பறையில் வைத்துக்கொள்வோம், பதிவேட்டில் வேண்டா. இதை நாம் ஊர் நிர்வாகத்திடம் சொல்லியாயிற்று. அடுத்த திருமணத்திலிருந்து அவ்வாறே எழுதுவதாக இசைந்துள்ளனர்.

துறையின் சார்பிலும் ஒரு பணியை மேற்கொண்டுள்ளோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை முற்பகலில் கல்லூரி வாயிலருகே வேப்பமரத்தடியில் மேசை ஒன்று இடப்படும். முதுகலை மாணவர் இருவர் அமர்ந்திருப்பர். வருவோரின் ஆதார், குடும்ப அட்டை, திருமணச் சான்று ஆகியவற்றை அருகருகே வைத்துப் பெயர்களை ஒப்புநோக்கி, வேறுபாடு இருப்பின் திருத்த விண்ணப்பம் எழுதித் தருவர். விண்ணப்பித்துக் காத்திருப்போரின் ஒப்புகை எண்ணும் நாளும் ஒரு குறிப்பேட்டில் பதியப்படும். கெடு கடந்தால் வட்ட வழங்கல் அலுவலருக்குக் கடிதமும், 1967 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரும் செல்லும். சென்ற சனிக்கிழமை ஏழு பேர் வந்தனர். நால்வருக்குப் பெயர் வேறுபாடு இருந்தது. ஐந்தாமவர் நம் லாத்தா. அவருடைய அட்டையில் பிழையேதுமில்லை. பக்கத்து வீட்டு முதியவர் ஒருவரின் தாள்களைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.